ஒருவர் நிறுத்த, எல்லோருக்கும் நின்றது

மென்பொருளில் கண்ட பிழைகளை, அதாவது பக்குகளை, எழுதிவைக்கும் பட்டியலில் ஒரு பக்கை மூடுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்தது. பணியில் இருந்த காலத்தில் அப்படி எத்தனையோ மூடியிருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள், நான் சாதித்ததாக யாராவது எதையாவது சொல்லிக் கேட்டிருக்கலாம். அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு இதைக் கேளுங்கள்.

பெங்களூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் நாகர்கோவிலுக்குத் திரும்பியவள் நான். செட்டிகுளம் பக்கத்தில் ஒரு மாடியில் இயங்கிய சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். நாங்கள் செய்தது ஒரு டேட்டாபேஸ் மென்பொருள். பெரிய கம்பெனிகளின் மென்பொருள் தாங்காத சின்ன இடங்களுக்கு அது போனது. பள்ளிக்கூடங்கள், ரப்பர் தோட்ட அலுவலகங்கள், களியக்காவிளையில் ஒரு சரக்குக் கிடங்கு. முட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடலோர ஊரிலும் அது ஓடியது. அங்கே மீனவர்கள் சேர்ந்து ஒரு வயர்லெஸ் அறை நடத்தினார்கள். எந்தப் படகு எப்போது கடலுக்குப் போனது, யார் யார் அதில் இருக்கிறார்கள், கடைசியாக எங்கிருந்து பேசினார்கள் என்பதெல்லாம் எங்கள் டேட்டாபேஸில் பதிவாகும். நான்கு கம்ப்யூட்டர், ஒரு சர்வர்.

அங்கே வயர்லெஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர் ரெஜினா. கணவர் வளைகுடாவில் மீன்பிடிக்கப் போயிருந்தார். காலை ஆறு மணிக்கு அறைக்கு வந்தால் மதியம் வரைக்கும் நாற்காலியை விட்டு எழமாட்டார். கரையில் இருக்கிற எல்லாப் படகுக்காரர்களின் குரலும் அவருக்குத் தெரியும்.

இப்போது அந்த பக். எங்கள் கம்பெனியில் ஒரு டெஸ்டர் இருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். பெயரைச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் சொல்லவில்லை. நான் எழுதியதில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அதை அவள் சத்தமில்லாமல் செய்வாள். ஒருநாள் பட்டியலில் அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: ஒருவர் தன் தேடலை நிறுத்தினால், சில நேரம் எல்லோருக்கும் டேட்டாபேஸ் நின்றுவிடுகிறது.

நான் உட்கார்ந்து பார்த்தேன். தேடலை ஓடவிட்டு நிறுத்தினேன். மறுபடி ஓடவிட்டு மறுபடி நிறுத்தினேன். நாற்பது முறையாவது செய்திருப்பேன். ஒருமுறைகூட டேட்டாபேஸ் நிற்கவில்லை. அன்று எனக்கு வேறு வேலை குவிந்திருந்தது. "மீண்டும் நிகழவில்லை" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து மூடிவிட்டேன். அவள் என் மேசைக்கு வந்து, சும்மா நிறுத்தினால் வராது, சரியாக ஃபைலைத் தொடும் நேரத்தில் நிறுத்த வேண்டும், அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை என்றாள். அவ்வளவு அபூர்வமாக வருவதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொன்னேன். அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் பலருடைய வேலையைச் செய்கிறது. ஒவ்வொருவருடைய வேலையும் தனித்தனி த்ரெட். ஒருவர் "நிறுத்து" பட்டனை அமுக்கினால் அவருடைய த்ரெட்டுக்கு ஒரு இன்டரப்ட் போகும். அது யாரையும் பிடித்து இழுத்து நிறுத்துவதில்லை. "போதும், நிறுத்திக்கொள்" என்று தோளைத் தட்டிச் சொல்வது மாதிரிதான். ஆனால் நாங்கள் மென்பொருளை எழுதிய கணினி மொழியில் ஒரு விதி இருந்தது. அந்தத் தட்டு விழும்போது த்ரெட் ஃபைலைப் படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருந்தால், அந்த ஃபைலுக்கான வழியே மூடிவிடும். எங்கள் டேட்டாபேஸில் அந்த வழி எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருத்தர் தோளைத் தட்டினால் வீட்டுக் கதவே சாத்திக்கொள்ளும். உள்ளே இருக்கிற அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். டெஸ்டர் எழுதியது அதைத்தான். நான் மூடியதும் அதைத்தான்.

ஐந்து மாதம் கழித்துப் புயல் வந்தது.

முந்தைய நாளே கடற்கரை முழுக்க அறிவிப்பு கொடுத்துவிட்டார்கள். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறக்கப்போவதாகவும் செய்தி. ஆனால் ஆழ்கடலுக்குப் போன படகுகளுக்கு அறிவிப்பு எட்டியதா என்று யாருக்கும் தெரியாது. காலை பத்து மணிக்குக் காற்று வேகம் பிடித்தபோது, அந்த வயர்லெஸ் அறையின் வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் நாகர்கோவில் அலுவலகத்தில் இருந்தேன். சாலையில் மரங்கள் விழுந்து பஸ் நின்றுவிட்டது. வந்து சேர்ந்தது நாங்கள் ஐந்தாறு பேர்தான்.

பதினொரு மணிக்கு ரெஜினா போன் செய்தார். கூப்பாடு போடவில்லை.

"மேடம், நாலு சிஸ்டமும் நின்னுபோச்சு. ஃபைல் மூடியிருக்குன்னு எழுதிக் காட்டுது. என்ன செய்யணும்னு சொல்லுங்க."

சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கச் சொன்னேன். அப்படித் தொடங்கும்போது டேட்டாபேஸ் முதலில், வருகிற ஒவ்வொரு பதிவையும் எழுதிவைக்கும் தன் குறிப்பேட்டைப் படிக்கும். எந்தப் பதிவு முழுமையாக முடிந்தது, எது பாதியில் நின்றது என்று பார்த்து, முடிந்ததை வைத்துக்கொண்டு பாதியில் நின்றதை நீக்கும். அன்று காலையிலிருந்து அத்தனை பதிவுகள் ஏறியிருந்ததால் அது முடிய நாற்பது நிமிடமாவது ஆகும் என்று திரை காட்டியது. முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். குறிப்பேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு நேரே திறக்க முடியாதா என்று கேட்டார். முடியும். ஆனால் அன்று காலையில் பதிவானவற்றில் எது சரி, எது பாதி என்று யாருக்கும் தெரியாமல் போகும். வாசலில் நிற்கும் பெண்களிடம் எந்தப் பட்டியலை நம்பிப் பேசுவது? நான் முடியாது என்றேன். அவர் கோபப்பட்டார். நான் மாறவில்லை. அது சரியான முடிவு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சரியான அந்த முடிவை எடுக்கவேண்டிய இடத்துக்கு எல்லோரையும் கொண்டுவந்து நிறுத்தியதும் நான்தான்.

நாற்பது நிமிடத்துக்குப் பிறகு டேட்டாபேஸ் எழுந்தது. பட்டியலை அச்செடுத்து மீட்புக் கப்பலுக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பட்டியலில் டென்னிஸ் என்பவருடைய படகும் இருந்தது. ஐந்து பேர் போன விசைப்படகு. பட்டியலில் அதற்கு எதிரே இருந்த இடம் முந்தைய நாள் பேசிய இடம். மீட்புக் கப்பல் அந்த இடத்தைச் சுற்றித் தேடியது. படகு அங்கே இல்லை. மறுநாள் பிற்பகல், வெகுதூரம் தள்ளி, பக்கத்து ஊர்ப் படகு ஒன்று அவர்களைக் கண்டுபிடித்தது. நான்கு பேர் உயிரோடு இருந்தார்கள். டென்னிஸின் அண்ணனை, படகு கண்டுபிடிக்கப்பட்ட அன்று காலையில்தான் அலை கொண்டுபோயிருந்தது.

கரைக்கு வந்த டென்னிஸ் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். எஞ்சின் நின்றதும் வயர்லெஸ்ஸில் இடத்தைச் சொன்னோம், ரெஜினா கேட்டுவிட்டேன் என்று பதிலும் சொன்னாள், பிறகு ஏன் யாரும் வரவில்லை?

கம்பெனியில் அந்த நாளின் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். நடந்தது இதுதான். இன்னும் பேசாத படகுகள் எவை என்று ரெஜினா தன் கம்ப்யூட்டரில் ஒரு தேடல் போட்டிருக்கிறார். அது மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போது டென்னிஸின் குரல் வயர்லெஸ்ஸில் வந்தது. ரெஜினா எண்களைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, உதவிக்கு வந்திருந்த கன்னியாஸ்திரி ஒருவர் பக்கத்துக் கம்ப்யூட்டரில் அவற்றை அடித்துச் சேமிக்கும் பட்டனை அமுக்கினார். அதே நொடியில் ரெஜினா, கையை விடுவித்துக்கொள்ளத் தன் தேடலை நிறுத்தினார். ஃபைல் மூடிக்கொண்டது. கன்னியாஸ்திரிக்கு முன்னால் இருந்த படிவம் மறைந்தது. பதிவாகிவிட்டது என்று அவர் நினைத்தார். ரெஜினாவும் அப்படித்தான் நினைத்தார். நினைக்காமல் எப்படி இருப்பார்கள்? நாங்கள் செய்த திரை வழக்கமாகச் சேமித்து முடித்ததும் அப்படித்தான் மறையும்.

குறிப்பேட்டில் அந்த எண்கள் இருந்தன. அட்சரேகை, தீர்க்கரேகை, படகின் பெயர், எல்லாம் தெளிவாக. கீழே ஒரு வரி: முடியாத பதிவு, நீக்கப்பட்டது. டேட்டாபேஸ் தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது.

ஒரு வாரத்தில் மாவட்டத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. முதலாளி என்னை எழுதச் சொன்னார். எப்படி எழுதவேண்டும் என்றும் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை அவர். இருபது பேர் அந்தக் கம்பெனியை நம்பி இருந்தார்கள். நான் எழுதினேன். "இயக்குபவர் ஒரு தேடலைப் பாதியில் நிறுத்தியதைத் தொடர்ந்து மென்பொருள் பாதுகாப்பாகத் தன்னை மூடிக்கொண்டது." இந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. படித்துப் பாருங்கள், ரெஜினாவின் விரலைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

மறுநாள் டெஸ்டர் என் மேசைக்கு வந்தாள். கையில் ஒரு தாள். ஐந்து மாதத்துக்கு முன் அவள் எழுதிய பக்கும், அதற்குக் கீழே நான் மூடிய காரணமும், என் பெயரோடு. என் கடிதத்தின் நகலை முதலாளி அவளிடமும் காட்டியிருக்கிறார்.

"அக்கா, நான் எழுதினது இது. நீங்க எழுதினது அது. ரெண்டையும் சேத்து அனுப்புவோமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தத் தாளை வாங்கிவைத்துக்கொண்டேன். மதியம் முதலாளியிடம் போய், கடிதத்தைத் திரும்ப எழுதுகிறேன், தவறு எங்கள் மென்பொருளில் இருந்தது, தெரிந்தும் மூடியது நான் என்று எழுதுகிறேன் என்றேன். கம்பெனி பெயரே போய்விடும் என்றார். கம்பெனி கையெழுத்துப் போடாவிட்டால் என் பெயரில் அனுப்புகிறேன் என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

அப்புறம் சரிசெய்யும் வேலை. இதில் நான் செய்த இரண்டாவது தவறையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் எல்லோரும் ஒருநாள் இதைச் செய்வீர்கள். அரை நாளில் ஒரு திருத்தம் எழுதினேன். இன்டரப்ட் வந்தால் அதை விழுங்கிவிடுவது. வந்ததே தெரியாத மாதிரி வேலையைத் தொடர்வது. ஃபைல் மூடவில்லை. எல்லாம் ஓடியது. பெருமையாக டெஸ்டரிடம் கொடுத்தேன்.

மாலையில் கூப்பிட்டாள். அவள் கம்ப்யூட்டரில் ஒரு தேடல் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்து பட்டனை அமுக்கினாள், நிற்கவில்லை. சர்வரை முறையாக மூடிப் பார்த்தாள், மூடவில்லை. கடைசியில் மின்சார வயரைப் பிடுங்கித்தான் அதை நிறுத்த முடிந்தது.

"கூப்பிடுகது காதுல விழுந்தும் விழாத மாதிரி இருக்கதுக்கா நாம இவ்வளவு பாடுபடுகோம்?" என்று கேட்டாள்.

வந்த இன்டரப்டுக்குப் பயந்து சாகவும் கூடாது, அதை மறைக்கவும் கூடாது. வந்ததைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். கையிலிருக்கும் எழுத்தைப் பிசகில்லாமல் முடிக்கவேண்டும். ஃபைல் மூடிக்கொண்டால் திறந்து திரும்ப எழுதவேண்டும். அதுவரை மற்றவர்கள் பிழைச் செய்தி பார்க்காமல் காத்திருக்கவேண்டும். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும், நிறுத்தச் சொன்னவருக்கு மட்டும் நிறுத்திவிட்டோம் என்று சொல்லவேண்டும். சொல்லும்போது சுலபம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஃபைலைத் திறக்கப்போய் ஒருவருக்காக ஒருவர் காத்து உறைந்துபோவார்கள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும். ஆறு மாதம் ஆனது எங்களுக்கு. எந்த நொடியில் இன்டரப்ட் விழுந்தாலும் தாங்குகிறதா என்று பார்க்க அவள் ஒரு புரோகிராம் எழுதினாள். அது நாள் முழுக்க, வாரக்கணக்கில், கண்ட நேரத்தில் எல்லாம் நிறுத்து பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தது. இனி எந்த நொடியில் நிறுத்தினாலும் ஒரு பதிவும் தொலையாது என்று அவள் சொன்ன அன்றுதான் வெளியிட்டோம்.

புதிய பதிப்பைப் போட நானே அந்த ஊருக்குப் போனேன். வடசேரியில் பஸ் ஏறும்போது என் மனதில் ஒருவிதமான நிம்மதி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடிதம் எழுதியாயிற்று. சரிசெய்தாயிற்று. செய்யவேண்டியதெல்லாம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அறையில் நான்கு கம்ப்யூட்டரிலும் திரைக்குக் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ரெஜினாவின் கையெழுத்து. நிறுத்து பட்டனை யாரும் தொடக்கூடாது. புதியதைப் போட்டு முடித்ததும், இனி தாராளமாக அமுக்கலாம் என்று ரெஜினாவிடம் சொன்னேன். அவர் அமுக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு லேசாகப் புரிந்தது.

"ரெஜினா, அன்னைக்கு நடந்தது உங்க தப்பில்ல. எங்க தப்பு. என் தப்பு. அந்த பட்டன் அமுக்கத்தான் இருக்கு. அமுக்கினா ஒண்ணும் ஆகாம பாத்துக்க வேண்டியது நாங்க."

குறிப்பேட்டில் இருந்ததை, நான் மூடிய பக்கை, கடிதத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். வயர்லெஸ்ஸில் யாரோ கூப்பிட்டார்கள். ரெஜினா பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் மேடம்?"

"புயலுக்கு நாலஞ்சு நாள் கழிச்சு."

"அப்ப ஆறு மாசமா இத ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல்ல?"

நான் உண்மையை எழுதினேன். அது மாவட்ட அலுவலகத்துக்குப் போனது, ஏதோ ஒரு ஃபைலில் சேர்ந்தது. யாருடைய விரலைக் காப்பாற்றுவதற்காக அதைத் திருத்தி எழுதினேனோ, அவருக்கு ஒரு போன் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த ஆறு மாதமும் அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து, தன் கை ஒரு மனிதனைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டு, மற்றவர்களின் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கை மூடியதைவிட இதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. அதற்கு அவசரம், அறியாமை என்று ஏதாவது காரணம் சொல்லலாம். இதற்கு எதையும் சொல்ல முடியாது.

"டென்னிஸ் எங்கிட்டப் பேசுகது இல்ல," என்றார் ரெஜினா. "ரோட்டுல பாத்தா அந்தப் பக்கம் போவான். நான் சொன்னா அவன் நம்ப மாட்டான். நீங்க வந்து சொல்லணும்."

மதியம் வேலை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போனார். டென்னிஸ் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு ஐஸ் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. லாரியில் ஐஸ் ஏற்றிவிட்டு வந்து, நனைந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார். ரெஜினாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் யார் என்று சொன்னேன். ரெஜினாவிடம் சொன்ன எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னேன். இந்தமுறை இன்னும் கஷ்டமாக இருந்தது. மென்பொருளைப் பற்றிய சொற்கள் ஒன்றுகூட அங்கே உதவவில்லை. நீங்கள் சொன்ன இடத்தை இவர்கள் கேட்டார்கள், எழுதினார்கள், நான் செய்த பொருள் அதைத் தொலைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

பின்னால் ஐஸ் நொறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நாங்க சொன்ன இடம் கப்பலுக்குப் போயிருந்தா, எங்க அண்ணன் இருந்திருப்பானா?"

எந்தக் கேள்விக்காகப் பயந்துகொண்டிருந்தேனோ அதே கேள்வி. இருந்திருக்க மாட்டார், அந்தக் காற்றில் கப்பல் போயிருக்கவே முடியாது என்று சொல்லியிருக்கலாம். சிலர் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அது தெரியாது.

"தெரியல்ல," என்றேன். "இருந்திருக்கலாம்."

டென்னிஸ் தலையாட்டினார். "எல்லாரும் விதின்னு சொன்னாங்க. பாதிரியாரும் அதத்தான் சொன்னாரு. நீங்க தெரியல்லன்னாவது சொன்னியளே."

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு அது இடமும் இல்லை.

அப்புறம் ரெஜினா பக்கம் திரும்பினார். அவர் சற்றுத் தள்ளி, சுவரோரமாக, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நீ கேட்டேன்னு சொன்னது எங்க எல்லாருக்கும் கேட்டுது," என்றார் டென்னிஸ். "அண்ணன்தான் சொன்னான், ரெஜினா கேட்டுட்டா, இனி வந்துருவாங்கன்னு. அத நம்பித்தான் கிடந்தோம். கரையில ஏறினதுலேருந்து எனக்கு அந்தக் குரல நினைச்சாலே ஆத்திரம் வரும்."

ரெஜினா அழுதார். டென்னிஸ் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் போட்டார்.

"இரி மக்கா," என்றார்.

ரெஜினா உட்கார்ந்தார். டென்னிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு எந்த நேரத்தில் எஞ்சின் நின்றது, அண்ணன் என்ன சொன்னார், எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ரெஜினா, தான் அந்த அறையில் எதைக் கேட்டார், எதைக் கேட்கவில்லை என்று சொன்னார். அவர்கள் பேச்சில் எனக்கு இடம் இருக்கவில்லை. நான் வெளியே வந்து பஸ்ஸுக்கு நடந்தேன்.